மாருதம் தந்த பேராசிரியர் கூர்ட் டாங்க்

வானில் இரைச்சல் கேட்டதும் வகுப்பறைச் சன்னலை நோக்கித் தலைகள் திரும்புவது நம் பள்ளியில் அன்றாடக் காட்சி. மேற்கு மலைத்தொடருக்கு மேலே வெண்கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு விமானம் போகும். ஆசிரியை மேசையைத் தட்டும்வரை கணக்குப் பாடம் காத்திருக்கும். அப்படி ஒரு நாள், ஒரு மாணவி எழுப்பிய ஐயமே இக்கட்டுரைக்கு வித்து. ராடாரின் கண்ணில் படாத போர் விமானங்கள் இருக்கின்றன என்கிறார்களே, அப்படியானால் எல்லாப் போர் விமானங்களையும் அப்படியே செய்துவிட வேண்டியதுதானே என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் விடை சொல்வதைவிட, விமானம் செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் வரலாற்றைச் சொல்வது நலம் என நமக்குத் தோன்றியது.

அதற்கு முன், நம் ஊர் நாயைச் சற்று நினைத்துப் பாருங்கள். இராஜபாளையம் நாயின் பெருமை அதன் பால் வெள்ளை நிறம். வெள்ளைதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததில், காது கேளாத குட்டிகளும் அந்த இனத்தில் மிகுதியாகப் பிறக்கலாயின. சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை நாயோ ஒட்டிய வயிறும் ஒல்லிக் காலுமாக முயல் விரட்டவே பிறந்தது போலிருக்கும். காட்டுப் பன்றியை மறித்து நிற்க அதனால் ஆகாது. அதற்கு நம் ஊர் நாயின் கனமான உடல் வேண்டும். ஓட்டமும் கனமும் ஒரே உடலில் முழுமையாக அமைவதில்லை. விமானமும் அப்படியே. இதைத் தம் இளமையிலேயே, நாயைக் கொண்டு அல்ல, குதிரையைக் கொண்டு உணர்ந்தவர் கூர்ட் டாங்க்.

இவர் 1898ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் ப்ரோம்பர்க் என்னும் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. நம் ஊர்ப் பெருமகனார் பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்களும் அதே 1898இல்தான் பிறந்தார் என்றால் காலம் எளிதில் விளங்கும். முதல் உலகப் போர் மூண்டபோது இளைஞர் டாங்க் விமானப் படையில் சேர ஆசைப்பட்டார். தந்தையோ படைவீரர் மரபினர். மகன் குதிரைப் படையில்தான் சேர வேண்டும் என்றார். மகன் பணிந்தார். சேற்றிலும் பள்ளத்திலும் குதிரையோடு திரிந்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்றார். தோழர்களுடன் சேர்ந்து மிதவை விமானங்கள் கட்டிப் பறந்தார். இரண்டு நிறுவனங்களில் பணி பார்த்தபின் 1931இல் ப்ரேமன் நகரிலிருந்த ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். இவரிடம் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வரைபலகையில் விமானத்தை வரைபவர் ஒருவர், அதில் ஏறிச் சோதித்துப் பார்ப்பவர் மற்றொருவர் என்பதே எங்கும் வழக்கம். டாங்க் இரண்டும் செய்தார். தாம் வரைந்ததில் தாமே ஏறிப் பறந்தார். தையற்காரர் தாம் தைத்த சட்டையைத் தாமே உடுத்திப் பார்ப்பது போல என்று சொல்லலாம். ஆனால் சட்டை பொருந்தாவிட்டால் உயிர் போகாது!

1937இல் இவருடைய காண்டோர் என்னும் பயணிகள் விமானம் பறந்தது. நான்கு எஞ்சின் கொண்ட அது மறு ஆண்டே பெர்லினிலிருந்து புறப்பட்டு எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் நியூயார்க் சேர்ந்து உலகை வியக்க வைத்தது. பின்னர் போர் வந்ததும் அதே விமானத்தில் குண்டுகளையும் துப்பாக்கிகளையும் ஏற்றிக் கடலுக்கு மேல் அனுப்பினார்கள். பயணிகளுக்காக இலேசாகக் கட்டிய உடல் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. தரையிறங்கும்போது முதுகொடிந்து விழுந்தவையும் உண்டு. ஒரு வேலைக்குச் செய்ததை இன்னொரு வேலைக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம். இரண்டாவது பாடம் பெங்களூரில் காத்திருந்தது.

டாங்க் பெயரை உலகறியச் செய்தது ஃபோக்கே-வுல்ஃப் 190 என்னும் சண்டை விமானம். 1939 ஜூன் முதல் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. அப்போது ஜெர்மனியிடம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற வேகமான விமானம் இருந்தது. ஆனால் அது பந்தயக் குதிரை என்பது டாங்கின் கருத்து. பந்தயக் குதிரைக்குச் சமதரை வேண்டும், தேர்ந்த ஓட்டுநர் வேண்டும், நாளெல்லாம் பராமரிக்கும் ஆட்கள் வேண்டும். போர்க்களத்துக்கு ஏற்றது குதிரைப் படையின் குதிரை. அடிபட்டாலும் நிற்காது, எவர் ஏறினாலும் ஓடும், கிடைத்ததைத் தின்னும். அந்தக் குதிரையையே தாம் இரும்பிலும் அலுமினியத்திலும் செய்யப் போவதாக டாங்க் உறுதி பூண்டார்.

எப்படிச் செய்தார் என்று பார்ப்போம். அக்காலச் சண்டை விமானங்களில் பெரும்பாலும் நீரால் குளிரும் எஞ்சினே இருந்தது. அது ஒடுங்கியது, ஆகவே விமானத்தின் மூக்கும் கூர்மையாக அமைந்து காற்றைக் கிழித்துச் செல்லும். ஆனால் குளிர்நீர்க் குழாயில் ஒரு குண்டு பாய்ந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். டாங்க் காற்றால் குளிரும் அகன்ற எஞ்சினைத் தேர்ந்தார். மூக்கு பருத்தது. காற்றின் தடையும் கூடியது. அதைக் குறைக்க எஞ்சினைச் சுற்றி இறுக்கமான உறை போட்டதில், முதல் விமானத்தின் விமானி அறை அடுப்படி போல் கொதித்தது. பின்னர் எஞ்சினையே மாற்றி, அறையைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. சக்கரக் கால்களை மிக அகலமாக வைத்தார். கரடுமுரடான தரையிலும் கவிழாமல் இறங்குவதற்காக. இதனால் சிறிது எடை ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் ஓர் இடத்தில் அவருக்கும் தோல்விதான். சுமார் 6,000 மீட்டருக்கு மேல் போனால் அந்த எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. அமெரிக்கக் குண்டு விமானங்கள் அதைவிட உயரத்தில் அணியணியாக வந்தபோது இக்குறை பெரிதாகத் தெரிந்தது.

1942 ஜூனில் ஜெர்மானிய விமானி ஒருவர் திசை தவறி, தம் நாட்டு நிலையம் என்று எண்ணி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள பெம்ப்ரே விமானத் தளத்தில் இந்த விமானத்தோடு இறங்கிவிட்டார். ஆங்கிலேயர்கள் அதைப் பிரித்து மேய்ந்து பார்த்து, தங்கள் ஸ்பிட்ஃபயரை அது பலவகையில் மிஞ்சியிருப்பதை ஒப்புக்கொண்டனர். போர் முடிவதற்குள் இவ்வகை விமானங்கள் 20,000க்கு அதிகமாகச் செய்யப்பட்டன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. இவ்விமானங்கள் பறந்தது ஹிட்லரின் ஆட்சிக்காக. அவற்றைக் கட்டிய தொழிற்கூடங்களில், பிற நாடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மக்கள் கட்டாய உழைப்பில் வாடினர். பேராசிரியர் பட்டமும் புகழும் டாங்குக்குச் சேர்ந்த அதே ஆண்டுகளில் இதுவும் நடந்தது. அவருடைய மதிநுட்பத்தைப் போற்றுவோர் பலர் இப்பகுதியை ஒரு வரியில் கடந்து விடுகிறார்கள். அவர் வரைபலகையை மட்டுமே பார்த்துக் கொண்டிருந்தார் என்று சொல்வது எளிது. தாம் கட்டிய விமானத்தை ஏறிச் சோதிக்கும் அளவுக்குக் கூர்ந்த கண் படைத்தவர், அதைக் கட்டிய கைகளைப் பார்க்கவில்லை என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை.

போரில் ஜெர்மனி தோற்றது. விமானம் செய்யவே அந்நாட்டுக்குத் தடை. டாங்க் 1947இல் வேறு பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார்; உடன் வேலை பார்த்தவர்கள் பலரும் பின்தொடர்ந்தனர். அங்கே கோர்டோபா நகரில் புல்கி இரண்டு என்ற ஜெட் விமானத்தைச் செய்தார். 1950இல் அது பறந்தது. ஆனால் சோதனையில் இரண்டு விமானிகளின் உயிரைக் குடித்தது. நாட்டின் கருவூலமும் வற்றியது. 1955இல் அங்கு ஆட்சி கவிழ்ந்ததும் டாங்குக்கு வேலை இல்லாமற் போயிற்று. அப்போதுதான் பாரத நாடு அவரை அழைத்தது.

விடுதலை பெற்று ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. பெங்களூரில் 1940இல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அதுவரை நம்மவர்கள் சொந்தமாக வடிவமைத்துப் பறக்கவிட்டது, டாக்டர் வி. எம். காட்கே அவர்களின் குழு 1951இல் தந்த எச்.டி.-2 என்னும் சிறிய பயிற்சி விமானமே. அங்கிருந்து ஒரே தாவலில் ஒலியைக் காட்டிலும் இரு மடங்கு வேகமுள்ள ஜெட் சண்டை விமானம் வேண்டும் என்று விமானப் படை கேட்டது! 60,000 அடி உயரத்தில் எதிரியை மறிக்க வேண்டும். தரையையும் தாக்க வேண்டும். 500 மைல் தொலைவு போய்த் திரும்ப வேண்டும். வேண்டுமானால் பயிற்சி விமானமாகவும் கப்பலில் இறங்கும் விமானமாகவும் மாற வேண்டும். ஒரே பிள்ளை பாட்டிலும் ஓட்டத்திலும் கணக்கிலும் கோலத்திலும் முதற்பரிசு வாங்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோரை நாம் அறிவோமன்றோ? அதைப் போன்ற விருப்பம் இது.

1956 ஆகஸ்டில் டாங்க் பெங்களூர் வந்து பணியேற்றார். அவருடன் வந்த ஜெர்மானியப் பொறியாளர் சிலருக்கு நடுவே, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த நம் நாட்டு இளைஞர்கள் அமர்ந்து வரையக் கற்றனர். சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானவியல் படித்த நம் அப்துல் கலாம் அவர்கள், அதே பெங்களூர்த் தொழிற்சாலையில் எஞ்சின் பழுதுபார்க்கும் பயிற்சி பெற்றதும் ஏறத்தாழ இக்காலத்திலேதான். அக்கல்லூரி 1949இல் தொடங்கப்பட்டபோது மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் நம் குமாரசுவாமி ராஜா அவர்கள் என்பதை இராஜபாளையத்தார் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

டாங்க் ஒரு முன்னெச்சரிக்கை செய்தார். ஜெட் விமானத்தைக் கட்டுமுன், அதே அளவில், அதே வடிவில், எஞ்சின் இல்லாத மர விமானம் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1959இல் டகோட்டா விமானம் ஒன்று அதைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. உயரத்தில் விட்டதும் அது மிதந்து இறங்கியது. இப்படி 78 முறை பறந்து, உருவம் சரிதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு 1961 ஜூன் 17ஆம் நாள் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் அவர்கள் உண்மை விமானத்தை விண்ணில் செலுத்தினார். எச்.எஃப்.-24 என்ற அதற்கு மாருத் என்று பெயர் சூட்டினார்கள். நம் மொழியில் மாருதம் என்றால் காற்று. ஆசிய நாடுகளில், ரஷ்யாவை விட்டுப் பார்த்தால், சொந்தமாக உருவாகிச் சேவைக்கு வந்த முதல் ஜெட் போர் விமானங்களில் அது ஒன்று.

அம்பு போன்ற மெல்லிய உடல், பின்னோக்கிச் சாய்ந்த சிறகு, மூக்கில் நான்கு பீரங்கிகள். எல்லாம் இருந்தன, எஞ்சின் மட்டும் இல்லை. பிரிட்டனின் ஆர்ஃபியஸ் வகையில் உருவாகிக்கொண்டிருந்த புதிய எஞ்சினை எண்ணியே டாங்க் கணக்கிட்டிருந்தார். வெளியேறும் சூட்டுக் காற்றில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிக்கும் பின்எரிப்பு வசதியோடு, ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு உந்துவிசை தர வேண்டியது அது. பிரிட்டனுக்கு அந்த எஞ்சின் தேவைப்படாமற் போகவே வேலை நின்றது. செலவை இந்தியா ஏற்றால் முடித்துத் தருவோம் என்றார்கள். அன்று நம் அரசு ஏற்கவில்லை. கடைசியில் கையிலிருந்த பழைய ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 4,850 பவுண்டுதான். நம் ஊர் மில் ஒன்றில் புத்தம்புதிய ஸ்பின்னிங் இயந்திரத்தை இறக்கி, அதற்குரிய மோட்டார் வராததால் பாதிச் சக்தி மோட்டாரை மாட்டி ஓட்டினால் எப்படியோ, அப்படி. ஒலியின் இரு மடங்கு வேகத்துக்குப் பிறந்த உடல், மட்டமான பறப்பில் ஒலியின் வேகத்தையே அரிதின் முயன்று தொட்டது.

மாற்று எஞ்சினுக்கு நாடு நாடாக அலைந்தார்கள். எகிப்து செய்த எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி அந்நாட்டிலேயே சோதித்தார்கள். 1969இல் அதுவும் நின்றது. பின்எரிப்பை நாமே சேர்ப்போம் என்று பெங்களூரில் முனைந்தார்கள். அதற்காக வால் பகுதியை அகலமாக்க, காற்றுத் தடை கூடி, கிடைத்த விசையில் பெரும்பகுதியை அதுவே விழுங்கியது. 1970 ஜனவரி 10ஆம் நாள் அப்படி மாற்றியமைத்த மாருத்தில் ஏறிய சுரஞ்சன் தாஸ் அவர்கள், புறப்பட்டதும் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். அதன் முதற் பறப்பை நடத்தியவரே அதன் பொருட்டு மாண்டார். பெங்களூரில் இன்றும் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டாங்க் தோற்றார் என்று இங்கே முடித்துவிடலாமா? கூடாது. மறித்துச் சண்டையிடும் வேலைக்கு ஆகாத மாருத்தைத் தரையைத் தாக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் வியப்பு. மெல்லிய சிறகு உயரத்தில் வளைந்து திரும்பத் தடையாயிருந்தது. ஆனால் தாழ்வாகப் பறக்கையில் அதுவே காற்றின் குலுக்கலுக்கு ஆட்படாமல் விமானத்தை நிலையாக வைத்தது. இரு மடங்கு வேகத்துக்காகக் கட்டிய உறுதியான உடல் அடியைத் தாங்கியது. 1971 டிசம்பர்ப் போரில் இராஜஸ்தான் பாலைவனத்து ஜோத்பூர், உத்தர்லாய் தளங்களிலிருந்து இரண்டு அணிகள் புறப்பட்டு இரண்டு வாரத்தில் 300 தடவைக்கு மேல் தாக்கி மீண்டன. ஓர் எஞ்சின் அடிபட்டு நின்றபின், எதிரி நாட்டுக்குள் சுமார் 240 கிலோமீட்டரிலிருந்து மற்றோர் எஞ்சினைக் கொண்டே வீடு வந்து சேர்ந்ததும் உண்டு. வான்சண்டையில் எதிரி விமானத்திடம் ஒரு மாருத்தும் விழவில்லை. மாறாக டிசம்பர் 7ஆம் நாள் ஸ்குவாட்ரன் லீடர் கே. கே. பக்ஷி அவர்கள் சேபர் விமானம் ஒன்றை வீழ்த்தினார். பந்தயக் குதிரையாகப் பிறந்து படைக் குதிரையாக உழைத்தது மாருத். டாங்க் இளமையில் விரும்பியது அதைத்தானே!

இப்போது நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். மாருத் விமானிகள் ராடாரிடமிருந்து ஒளிந்தது எப்படி? தரையை ஒட்டிப் பறந்து. பூமியின் வளைவும் மேடுகளும் மறைக்க, ராடார் அலை அவர்களை எட்டவில்லை. இன்றைய மறைவு விமானங்களோ தம் உருவத்தாலேயே ஒளிகின்றன. சமமான கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் விளக்கொளி நம் கண்ணுக்குத் திரும்பாமல் பக்கவாட்டில் போய்விடுகிறதல்லவா? அதுபோல ராடார் அலை வந்த வழியே திரும்பாதபடி பக்கங்களைச் சாய்த்துச் செதுக்குகிறார்கள். அலையை உறிஞ்சும் பூச்சும் பூசுகிறார்கள். ஆனால் இதற்கு விலை உண்டு. குண்டுகளையும் ஏவுகணைகளையும் சிறகுக்கு அடியில் தொங்கவிட்டால் அவையே ராடாருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே வயிற்றுக்குள் வைக்க வேண்டும். வயிறு பெருக்கும், சுமை குறையும். பூச்சு மழையிலும் வெயிலிலும் கெடும். ஒவ்வொரு முறையும் ஆட்கள் மணிக்கணக்காகச் செப்பனிட வேண்டும்.

1981இல் பறந்த அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தில் ஒளிவதையே முதலாக வைத்தார்கள். ஒலியின் வேகத்தை அது தாண்டாது. அதில் துப்பாக்கி இல்லை. தன் ராடாரும் இல்லை, ஏனெனில் ராடாரை இயக்கினால் இருட்டில் விளக்கேற்றியது போல் தான் இருக்குமிடம் தெரிந்துவிடும். பெயரில்தான் அது சண்டை விமானம். வேலையில் இரவில் போய்க் குண்டு போடும் விமானம். அதுவும் 1999 மார்ச்சில் செர்பியாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பின்னர் வந்த எஃப்-22 வேகம், சுழற்சி, மறைவு மூன்றையும் ஒருங்கே பெற்றது. விலை மலைபோல் ஏறியதால் 2011இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எல்லா விமானங்களையும் ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை நமக்குத் தெரியவில்லை.

நம் நாடும் 2024இல் ஆம்கா என்னும் மறைவு விமானத்துக்கு ஒப்புதல் தந்து, ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. தேவையானபோது ஆயுதங்களை உள்ளே வைத்து ஒளிந்து செல்லவும், வானம் நம் வசமான பின் வெளியேயும் தொங்கவிட்டுச் சுமந்து செல்லவும் அதை வரைந்திருக்கிறார்கள். டாங்க் இருந்திருந்தால் இந்த ஏற்பாட்டை மெச்சியிருப்பார். அடுத்து, எஞ்சின் யாருடையது என்றும் கேட்டிருப்பார். முதலில் பறக்கப்போகும் விமானங்களுக்கு அமெரிக்க எஞ்சினையே பொருத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

டாங்க் 1967இல் இந்தியாவை விட்டுத் தாய்நாடு திரும்பி, விமான நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5ஆம் நாள் ம்யூனிக் நகரில் காலமானார். அவர் பெங்களூரில் வரைந்த மாருத் மொத்தம் 147 செய்யப்பட்டு, 1990 வரை நம் விமானப் படையில் பறந்தது. அவற்றில் ஒன்று கடல் கடந்து போயிருக்கிறது. டாங்க் கண் மூடிய அதே ம்யூனிக்கின் புறத்தே, ஷ்லைஸ்ஹைம் என்னுமிடத்திலுள்ள ஜெர்மானிய அருங்காட்சியகத்தில், நம் நாட்டுக் கைகள் கட்டிய அந்த மாருதம் பார்வைக்கு நிற்கிறது.